மான் வேட்டைக்கு ஒரு மலிவான கத்தி: தேர்ந்தெடுப்பது முதல் தீட்டி வைப்பது வரை

கனடாவிலோ அமெரிக்காவிலோ நார்வேயிலோ உரிமம் பெற்று முதன்முறையாக மான் வேட்டைக்குத் தயாராகும் நம்மவர்கள், துப்பாக்கிக்கும் குளிர் உடைக்கும் செலவழித்த பிறகுதான் கத்தியைப் பற்றி யோசிக்கிறார்கள். அப்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னும் 250 டாலர் கத்தியை வாங்கிவிடுகிறார்கள். அல்லது முதுகில் ரம்பப் பற்களும், முனையில் கொக்கியும், கைப்பிடியில் திசைகாட்டியும் வைத்த ஒரு தடித்த இரும்பை இணையச் சந்தையில் 12 டாலருக்கு வாங்குகிறார்கள். இந்த இரண்டும் வேண்டாம். ஒரு வெண்வால் மானின் வயிற்றைத் திறந்து, தோலுரித்து, எலும்பு நீக்கி முடிப்பதற்கு 20 முதல் 40 அமெரிக்க டாலருக்குள் மிக நல்ல கத்தி கிடைக்கிறது. அலகு மெல்லியதாகவும் கூராகவும் இருந்தால் கத்தி வெட்டும். விலையும் எஃகின் பெயரும் அதற்குப் பிறகுதான் வரும்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இலங்கையிலும் மான் பாதுகாக்கப்பட்ட விலங்கு. எனவே, சட்டம் இடம் தரும் நாடுகளில், உரிமத்துடன், உரிய பருவத்தில் வேட்டையாடுபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் படி: கத்தி என்ன வேலை செய்யப் போகிறது என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால்தான் தவறான கத்திகள் விற்கின்றன. மான் விழுந்த பிறகு நடக்கும் வேலையை வரிசையாக மனதில் ஓட்டிப் பாருங்கள்.

முதலில் மானை மல்லாக்கப் போட்டு, நெஞ்செலும்பு முடியும் இடத்தில் தோலிலும் வயிற்றுச் சவ்விலும் ஒரு சிறிய திறப்பு போடுகிறோம். அதற்குள் இரண்டு விரல்களை நுழைத்துச் சவ்வைத் தூக்கிப் பிடித்து, விரல்களுக்கு நடுவே அலகைக் கூர் மேல்நோக்கி வைத்து, உள்ளிருந்து வெளியே வெட்டிக்கொண்டே பின்னோக்கிப் போகிறோம். அந்த இரண்டு விரல்கள்தான் இரைப்பையையும் குடலையும் கத்தி முனையிடமிருந்து காப்பாற்றுகின்றன. குடல் கிழிந்தாலும் சிறுநீர்ப்பை உடைந்தாலும் இறைச்சி கெடத் தொடங்கிவிடும். அடுத்து, ஆசனவாயைச் சுற்றி இடுப்பெலும்பு வளையத்துக்குள் முனையை நுழைத்து மலக்குடலை விடுவிக்க வேண்டும். பிறகு உதரவிதானத்தை விலா ஓரமாக அறுத்து, முழங்கைவரை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமல் தொட்டுணர்ந்தே மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் வெட்ட வேண்டும். குடல், ஈரல், நுரையீரல் எல்லாம் ஒன்றாகச் சரிந்து வெளியே வரும்.

தோலுரிக்கும்போது கத்திக்கு வேலை குறைவு. கால் மூட்டுகளைச் சுற்றியும் தொடையின் உட்புறத்திலும் கீறிவிட்டால், மீதியைக் கை முட்டியால் அழுத்தி இழுத்தே எடுக்கலாம். பிடிவாதமாக ஒட்டும் சவ்வை மட்டும் கத்தி தொட்டுவிட்டால் போதும். முன்னங்கால் உடலோடு எலும்பு மூட்டால் இணைந்திருப்பதில்லை, தசைதான் பிடித்திருக்கிறது. காலைத் தூக்கிப் பிடித்து அடியில் அறுத்தால் முழுதாகக் கழன்று வந்துவிடும். பின்னங்காலில் பந்துக் கிண்ண மூட்டு உண்டு. அதன் நடுவிலுள்ள நாரை முனையால் அறுத்தால் அதுவும் விலகிவிடும். முதுகுத்தண்டின் இரு பக்கமும் ஓடும் நீண்ட முதுகுத் தசையை எடுக்க, எலும்பை உரசிக்கொண்டே ஒரு நீண்ட கீறல் போட வேண்டும்.

இந்த வேலைகளில் ஒன்றுகூட ஓங்கி வெட்டுவதல்ல. எல்லாம் விரல் நுனியின் வேலை. பாதி நேரம் கத்தி கண்ணுக்கே தெரியாது. ஆகவே 7 அங்குல அலகும், மரம் பிளக்கும் பருமனும், முதுகில் ரம்பமும் உள்ள கத்தி இங்கே தடையாகவே இருக்கும். எலும்பை அறுக்க வேண்டும் என்றால் அதற்கு மடக்கு ரம்பம் இருக்கிறது. 25 டாலருக்குள் நல்லதே கிடைக்கும். கத்தியையும் ரம்பத்தையும் தனித்தனியாக வாங்குவதே மலிவு.

இரண்டாம் படி: மடக்குக் கத்தியா, மடங்காததா?

மடங்காததுதான். மடக்குக் கத்தியின் அச்சுக்குள் இரத்தமும் கொழுப்பும் முடியும் புகுந்து காய்ந்துவிடும். அதைக் கழுவி எடுக்கவே ஒரு மாலை போய்விடும். உள்ளே கை விட்டுப் பார்க்காமல் வெட்டும்போது அலகு மடங்கிவிடுமோ என்ற பயமும் இருக்கக் கூடாது. விலையிலும் இதே கதைதான். அச்சு, பூட்டு, சுருள்வில் எதுவும் இல்லாததால், அதே பணத்துக்கு மடங்காத கத்தியில் நல்ல எஃகும் நல்ல பிடியும் கிடைக்கின்றன.

மூன்றாம் படி: நீளமும் வடிவமும்

அலகு மூன்றரை முதல் நான்கரை அங்குலம், அதாவது 9 முதல் 11 செ.மீ. இருந்தால் மானுக்குப் போதும். மூஸ் போன்ற பெரிய விலங்குக்கும் இதே அளவு போதும், நேரம்தான் கூடும். நீளம் கூடக் கூட முனை விரலிலிருந்து தள்ளிப்போகிறது. இருட்டான நெஞ்சுக் கூட்டுக்குள் முனை எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். ஆள்காட்டி விரலை அலகின் முதுகின்மேல் நீட்டி வைத்தால் முனைக்குச் சற்று முன்வரை எட்டுகிறதா? அப்படியானால் நீளம் சரி.

பெரிய கத்தி வேட்டைக்காரனின் அடையாளம் என்ற எண்ணம் பழையது. அதை மறுத்ததும் அதே அளவுக்குப் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘நெஸ்மக்’ என்ற புனைபெயரில் எழுதிய அமெரிக்கக் காடோடி ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ், கடைகளில் வேட்டைக் கத்தி என்று விற்கப்பட்ட தடித்த பெரிய கத்திகள் பார்க்கத்தான் பயங்கரம், உபயோகத்துக்கு ஆகாது என்று எழுதினார். அவர் இடுப்பில் வைத்திருந்தது மெல்லிய, குட்டையான, முதுகு சற்றே புடைத்த ஒரு கத்தி. அவர் காலத்துக்குப் பிறகு எஃகு எவ்வளவோ மாறிவிட்டது. மானின் உடல் மாறவில்லை.

வடிவத்தில் கவனிக்க வேண்டியது முனை. முதுகுக் கோடு மெல்லச் சரிந்து கீழிறங்கும் முனையை ‘டிராப் பாயின்ட்’ என்கிறார்கள். வேட்டைக் கத்திகளில் இதைப் பரவலாக்கியவர் அமெரிக்கக் கத்திக் கலைஞர் பாப் லவ்லெஸ். முனை சற்றுத் தாழ்ந்திருப்பதால் வயிற்றுச் சவ்வை அறுக்கும்போது தவறிக் குடலில் குத்துவது குறைகிறது. அதோடு முனைக்குப் பின்னால் பலமும் இருக்கிறது. புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். முதுகில் பிறை போல வெட்டி எடுத்த ‘கிளிப் பாயின்ட்’ முனை நுட்பமான வேலைக்கு நல்லது. ஆனால் அது மேல்நோக்கிக் கூர்மையாக நிற்பதால், கை பழகாதவர்கள் குத்திவிட வாய்ப்பு அதிகம். ஸ்காண்டிநேவியாவின் நேரான முதுகுள்ள வடிவம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எல்லா வேலையையும் ஒழுங்காகச் செய்யும்.

வயிற்றுத் தோலைக் கிழித்துத் திறக்கவென்று முதுகில் ‘குடல் கொக்கி’ வைத்த கத்தியை வாங்காதீர்கள். முதல் மானுக்கு அது அழகாக வேலை செய்யும். பிறகு அந்தச் சிறு வளைவுக்குள் முடியும் கொழுப்பும் அடைத்துக்கொள்ளும். கொக்கி மழுங்கினால் சாதாரணக் கல்லில் தீட்டவும் முடியாது. இரண்டு விரல்களும் மேல்நோக்கிய கூரும் அதே வேலையை இலவசமாகச் செய்கின்றன.

நான்காம் படி: பருமனும் சீவலும், எல்லாம் அடங்கியிருக்கும் இடம்

கடைகளில் எஃகின் பெயரை உரக்கச் சொல்வார்கள். பருமனைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். நீங்கள் அதைத்தான் கேட்க வேண்டும்.

6 மி.மீ. தடித்த கத்தியால் பூசணிக்காயை அறுத்துப் பாருங்கள்: பாதிவரை வெட்டும், அதன் பிறகு ஆப்பு போலப் பிளக்கும். இறைச்சியிலும் அதுதான் நடக்கிறது. கூர் நன்றாக இருந்தாலும், அதன் பின்னால் வரும் உலோகம் தசையைத் தள்ளி விலக்க வேண்டியிருக்கிறது. கைக்கு அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடிய இடத்தில்தான் கத்தி வழுக்கிக் கையைக் கிழிக்கும். வேட்டைக் கத்தியின் முதுகுப் பருமன் 2 முதல் 3 மி.மீ. இருக்கட்டும். மூன்றரைவரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் அது மரம் பிளக்கும் கத்தி.

முதுகைவிட முக்கியமான அளவு, கூருக்குச் சற்று மேலே, இறுதிச் சரிவு தொடங்கும் கோட்டில் உள்ள பருமன். அது அரை மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் கத்தி வெண்ணெயாக இறங்கும். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் எவ்வளவு தீட்டினாலும் முரண்டு பிடிக்கும். பெரும்பாலான நிறுவனங்கள் இந்த அளவை வெளியிடுவதில்லை. அலகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, முதுகிலிருந்து கூரை நோக்கிக் கவனமாக வருடிப் பாருங்கள். கூரை நெருங்கும்போதும் விரல்கள் விலகியே இருந்தால் அந்தக் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பக்கங்களைச் சீவும் முறை பல வகை. முதுகிலிருந்து கூர்வரை ஒரே தட்டையாகச் சீவியது இறைச்சிக்கு மிகவும் இணக்கம். சமையலறைக் கத்திகள் எல்லாம் இப்படித்தான். பக்கங்களை உட்குழிவாகச் சீவியது தோலுரிக்க அருமையாக இருக்கும். அமெரிக்காவின் பக் நிறுவனக் கத்திகளில் இதைப் பார்க்கலாம். ஸ்காண்டி முறையில் அலகின் கீழ்ப்பகுதியில் மட்டும் ஒரே அகலமான சரிவு இருக்கும். அந்தச் சரிவை அப்படியே கல்லில் படுக்க வைத்தால் கோணம் தானாகவே சரியாக அமைகிறது. இதுவரை கத்தி தீட்டிப் பழகாதவருக்கு இதைவிட எளிய வழி இல்லை. எலும்பு நீக்கும்போது ஸ்காண்டி கொஞ்சம் விறைப்பாக நடந்துகொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் 2 அல்லது 2.5 மி.மீ. அலகில் அந்தக் குறை பெரிதாகத் தெரிவதில்லை.

ஐந்தாம் படி: எஃகு

இங்கே அதிகம் குழம்ப வேண்டாம். மலிவு விலையில் வரும் எஃகுகளை மூன்று கூட்டமாகப் பார்த்தால் போதும்.

கார்பன் எஃகில் குரோமியம் கிட்டத்தட்ட இல்லை. 1095 என்ற பெயரில் விற்பது இந்த வகை. அதில் சுமார் 0.95 சதவீதம் கார்பன் உண்டு. விரைவில் கூர் பிடிக்கும், சீக்கிரம் தீட்டலாம், விலையும் குறைவு. ஆனால் இரத்தம் பட்டு ஓரிரு மணி நேரத்தில் சாம்பல் கறை படியும். ஈரத்தோடு உறையில் போட்டால் மறுநாள் துருவைப் பார்க்கலாம். துடைத்து எண்ணெய் பூசும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது நல்ல தோழன்.

துருப்பிடிக்காத எஃகில் 13 சதவீதம் அளவுக்குக் குரோமியம் இருக்கும். சுவீடனின் 12சி27, அமெரிக்காவின் 420எச்சி, சீனாவின் 8சிஆர்13 எல்லாம் இந்தக் கூட்டம்தான். புதியவர் இதில் ஒன்றை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். மழை, பனி, இரத்தம், வேட்டை முடிந்த களைப்பில் கழுவ மறந்த இரவு எல்லாவற்றையும் இவை பொறுத்துக்கொள்ளும்.

மூன்றாவது டி2. சுமார் ஒன்றரை சதவீதம் கார்பனும் 12 சதவீதம் குரோமியமும் உள்ளது. கூர் நீண்ட நேரம் நிற்கும். ஆனால் முழுமையாகத் துருவைத் தடுக்காது, தீட்டுவதற்கும் பொறுமை வேண்டும். தீட்டிப் பழகிய பிறகு யோசிக்கலாம்.

எஃகின் பெயரைவிட, அதை உலையில் சூடாக்கிக் குளிர்வித்துப் பதம் பிடித்த விதமே முக்கியம். இதற்கு நல்ல சாட்சி 420எச்சி. காகிதத்தில் பார்த்தால் அது சாதாரண எஃகு. பால் பாஸ் என்ற வல்லுநர் வகுத்த பத முறையால் பக் நிறுவனம் அதிலிருந்து நம்பகமான கூரை எடுக்கிறது. அதே எஃகைச் சரியாகப் பதம் பிடிக்காமல் இன்னொருவர் விற்கும்போது, ஒரு தொடையை அறுத்து முடிப்பதற்குள் மழுங்கிவிடுகிறது. கத்தியின் விவரத்தில் ராக்வெல் கடினத்தன்மை 56 முதல் 60 வரை என்று போட்டிருக்கிறதா பாருங்கள். எண்ணே இல்லாமல் ‘உயர்தர எஃகு’, ‘அறுவை சிகிச்சைத் தர எஃகு’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

‘டமாஸ்கஸ்’ என்ற பெயரில் அலை அலையான கோடுகளோடு 30 டாலருக்கு வரும் பெயரில்லாக் கத்திகளும் இதில் சேர்த்தி. அந்தக் கோடுகள் வெட்டுவதில்லை. உள்ளே என்ன எஃகு, என்ன பதம் என்று சொல்லவும் ஆள் இல்லை.

ஆறாம் படி: கைப்பிடியும் அதற்குள் இருக்கும் வாலும்

அலகின் உலோகம் கைப்பிடிக்குள் நீளும் பகுதியை இங்கே வால் என்று அழைக்கிறேன். வால் கைப்பிடியின் முழு நீளத்துக்கும் முழு அகலத்துக்கும் இருந்தால்தான் கத்தி உறுதி என்று பலரும் சொல்வார்கள். கட்டையால் அடித்து விறகு பிளக்கும் கத்திக்கு அது பொருந்தும். இறைச்சி அறுக்க, கைப்பிடிக்குள் பாதிக்குமேல் போகும் மெல்லிய வாலே தாராளம். குளிர்காலத்தில் ஓரத்தில் இரும்பு வெளித்தெரியாத கைப்பிடி விரலுக்கு இதமாக இருப்பதும் ஒரு லாபம்.

பொருள் எதுவாகவும் இருக்கட்டும், நனைந்த கையில் வழுக்கக் கூடாது. நவம்பர் குளிரில், கொழுப்பும் இரத்தமும் தோய்ந்த கையுறையோடு பிடிக்கப் போகிறீர்கள். கரடுமுரடான ரப்பர் பிடி இதில் எல்லாவற்றையும் வென்றுவிடும். மெருகேற்றிய மரமும் மான்கொம்பும் அழகுதான். நனைந்தால் நம்ப முடியாது. விரல் முன்னோக்கி நழுவி அலகில் ஏறாமல் இருக்க ஒரு சிறு புடைப்பாவது முன்னால் இருக்க வேண்டும். ஆனால் இரு பக்கமும் நீளும் பெரிய உலோகத் தடுப்பு வேண்டாம். நெஞ்சுக் கூட்டுக்குள் அது மாட்டிக்கொள்ளும், முதுகில் விரல் நீட்டவும் விடாது.

நிறம் ஆரஞ்சாக இருக்கட்டும். உதிர்ந்த இலைகளின் நடுவே, அந்தி நேரத்தில், பச்சை அல்லது பழுப்புக் கைப்பிடிக் கத்தியைக் கீழே வைத்தால் அது காட்டுக்கே சொந்தமாகிவிடும்.

ஏழாம் படி: உறை

மலிவுக் கத்திகளில் முதலில் கைவிடுவது உறைதான். வார்த்த பிளாஸ்டிக் உறை போதும், அழகு வேண்டாம். கத்தியைச் செருகித் தலைகீழாகப் பிடித்து ஓங்கி உதறுங்கள். விழக் கூடாது. அடியில் நீர் வடியத் துளை இருக்க வேண்டும். தோல் உறை சத்தமில்லாமல் இருக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் இரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும், கழுவ முடியாது, ஈரத்தைப் பிடித்து வைத்து அலகைத் துருவாக்கும். மரத்தில் ஏறி உட்கார்ந்து வேட்டையாடுபவர்கள் உறையை இன்னொரு முறை சோதிக்க வேண்டும்: ஏறும்போதும் உட்காரும்போதும் கைப்பிடி எங்கேயும் மாட்டாமல், விழுந்தாலும் அலகு உறையைத் துளைக்காமல் இருக்கிறதா என்று.

எட்டாம் படி: எதை வாங்கலாம்

பெயர் சொல்லிவிடுகிறேன். விலைகள் அமெரிக்க டாலரில், ஏறக்குறையானவை.

20 டாலர் மட்டத்தில் சுவீடனின் மோராக்னிவ் கம்பேனியன். மோரா நகருக்கு அருகிலுள்ள ஓஸ்ட்னோர் கிராமத்தில் 1891-இல் தொடங்கிய கத்தித் தொழிலின் வாரிசு இது. துருப்பிடிக்காத எஃகு, சுமார் 10 செ.மீ. அலகு, 2.5 மி.மீ. பருமன், ஸ்காண்டி சீவல், ரப்பர் பிடி, கழுவக்கூடிய பிளாஸ்டிக் உறை, ஆரஞ்சு நிறமும் உண்டு. இதுவரை சொன்ன எல்லாப் படிகளையும் ஒரே கத்தியில் வைத்துப் பார்த்தால் இதுதான் கிடைக்கும். முதல் கத்தி எது என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் இதையே சொல்கிறேன். இதன் 3.2 மி.மீ. ‘ஹெவி டியூட்டி’ வகையை மட்டும் தவிருங்கள்; அது விறகு வேலைக்கு.

அதே விலை மட்டத்தில் சுவீடனின் ஹல்டாஃபோர்ஸ் கத்திகளும் உண்டு. கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால், பின்லாந்தின் ரோவனியெமியில் 1928 முதல் இயங்கும் மார்ட்டினியின் எளிய வகைகளைப் பார்க்கலாம். புக்கோ எனப்படும் பின்லாந்துக் கத்தி மரபே மெல்லிய, குட்டையான அலகின் மரபு.

30 டாலர் மட்டத்தில் பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று: இறைச்சிக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் எலும்பு நீக்கும் கத்தி. விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் ஃபைப்ராக்ஸ் பிடியுள்ள 6 அங்குலக் கத்தி நல்ல எடுத்துக்காட்டு. நாள் முழுவதும் இறைச்சி அறுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் எதை எடுக்கிறார்களோ அதை நாம் மறுப்பதற்குக் காரணம் இல்லை. தோலுரிக்கவும் எலும்பு நீக்கவும் இதற்கு இணை கிடையாது. உறை மட்டும் தனியாகச் செய்துகொள்ள வேண்டும். காட்டில் மோரா, வீட்டு மேசையில் இது. இரண்டும் சேர்ந்து 50 டாலரைச் சுற்றித்தான் வரும்.

60 டாலருக்கு மேல் போகத் தயார் என்றால் அமெரிக்காவின் பக் நிறுவனம். 4 அங்குல 102, சுமார் 3 அங்குல அலகுள்ள 113 ஆகிய இரண்டும் வேட்டைக்கென்றே அமைந்தவை. எல்லோரும் படத்தில் பார்த்து ஆசைப்படும் 6 அங்குல 119 புகழ்பெற்ற கத்திதான். மான் வேலைக்குப் பெரியது.

அலகைக் கழற்றி மாற்றும் கத்திகளும் இப்போது பரவலாகின்றன. அறுவை சிகிச்சைக் கத்தி போன்ற மெல்லிய அலகு, மழுங்கினால் புதியது. தோலுரிக்கையில் அவை மின்னல். ஆனால் மூட்டில் பக்கவாட்டில் அழுத்தினால் பட்டென்று ஒடியும். ஒடிந்த துண்டு இறைச்சிக்குள் இருக்கும்போது அதே இடத்தில் உங்கள் கையும் இருக்கும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், ஒரே கத்தியாக நம்ப வேண்டாம்.

இணையச் சந்தையில் வாங்கும்போது விற்பவர் யார் என்று பாருங்கள். பெயர்பெற்ற கத்திகளுக்குப் போலிகள் உண்டு. வழக்கமான விலையில் பாதிக்கு வந்தால், உள்ளே இருக்கும் எஃகும் அப்படித்தான் இருக்கும்.

ஒன்பதாம் படி: கையில் வந்ததும் சோதியுங்கள்

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். கத்தியைக் கண்ணுக்கு நேராக நீட்டி, கைப்பிடி முனையிலிருந்து அலகு முனைவரை பாருங்கள். வளைவோ முறுக்கோ தெரியக் கூடாது. கூரை நேராக விளக்கு வெளிச்சத்தில் காட்டுங்கள். கூர் உள்ள இடம் கறுப்பாகத் தெரியும். மழுங்கிய இடமும் பொத்தலும் வெள்ளிப் புள்ளியாக மின்னும். இரண்டு பக்கச் சரிவும் ஒரே அகலமா என்று ஒப்பிடுங்கள். கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அங்கே இரத்தம் தேங்கும்.

அதன் பிறகு ஒரு முழுக் கோழியை வாங்கி வந்து அந்தக் கத்தியாலேயே துண்டு போடுங்கள். தொடையை மூட்டில் பிரித்து, எலும்பை நீக்கி, நெஞ்சுத் தசையை எலும்போடு உரசி எடுங்கள். மானிலும் இதே வேலைகள்தான், பெரிய அளவில். எங்கே கை வலிக்கிறது, எங்கே விரல் வழுக்குகிறது, எங்கே முனை எட்டவில்லை என்பதெல்லாம் சமையலறையிலேயே தெரிந்துவிடும்.

பத்தாம் படி: தீட்டுவது

250 டாலர் கத்தியில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு சிறு பங்கை இங்கே போடுங்கள். ஒரு பக்கம் 400 (கரடு), மறுபக்கம் 1000 (நுண்மை) என்று வைரத்தூள் பதித்த கல் ஒன்றும், ஒரு பழைய தோல் பெல்ட்டும் போதும்.

கூரின் சரிவில் அழியாத மையால் கறுப்புப் பூசுங்கள். கல்லில் மெதுவாக ஒருமுறை இழுத்துவிட்டுப் பாருங்கள். மை முழு அகலத்துக்கும் அழிந்திருந்தால் கோணம் சரி. கூரின் நுனியில் மட்டும் அழிந்தால் கத்தியை அதிகம் தூக்கிவிட்டீர்கள். மேற்புறம் மட்டும் அழிந்தால் தாழ்த்திவிட்டீர்கள். ஸ்காண்டி கத்தியில் சரிவைப் படுக்க வைத்தாலே போதும். மற்றவற்றில் ஒரு பக்கத்துக்கு 20 பாகை அளவில் பிடியுங்கள். ஒரே பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போனால் மறுபக்கத்தில் நுண்ணிய பிசிறு எழும். விரல் நகத்தால் முதுகிலிருந்து கூரை நோக்கி வருடினால் தட்டுப்படும். கூரின் முழு நீளத்துக்கும் பிசிறு எழாதவரை பக்கம் மாற்றாதீர்கள். புதியவர்களின் கத்தி கூராகாமல் போவதற்கு இந்தப் பொறுமையின்மைதான் பெரும்பாலும் காரணம். பிசிறு எழுந்ததும் மறுபக்கம், பிறகு 1000 கல், கடைசியில் அழுத்தமே இல்லாமல் பக்கம் மாற்றி மாற்றிச் சில இழுப்புகள். பெல்ட்டின் உட்புறத்தில், கூர் பின்னால் வருமாறு இழுத்தால் மிச்சப் பிசிறும் உதிரும்.

மோரா வாங்கியவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு: புதிய ஸ்காண்டி கூர் மிகவும் மெல்லியதாக இருப்பதால் எலும்பில் பட்டால் மடங்கலாம். தீட்டி முடித்த பிறகு, கத்தியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு பக்கமும் இரண்டே இரண்டு மென்மையான இழுப்பு கொடுத்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு இரண்டாம் சரிவு உருவாகும். கூர் அதன் பிறகு எலும்பைத் தாங்கும்.

காட்டில் கூரைக் காப்பாற்ற எளிய வழி, மானின் முடியை வெளியிலிருந்து வெட்டாமல் இருப்பது. அதில் மண்ணும் மணலும் ஒட்டியிருக்கும். தோலைத் துளைத்து, அடியில் அலகை நுழைத்து, உள்ளிருந்து வெளியே வெட்டுங்கள். இறைச்சியும் முடி ஒட்டாமல் சுத்தமாக இருக்கும்.

கழுவுதல், நோய், சட்டம்

வேலை முடிந்ததும் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுக் கழுவி, முழுதாக உலர்த்துங்கள். உறையையும் கழுவுங்கள். கார்பன் எஃகுக்கு உணவுக்கு உகந்த எண்ணெயை ஒரு துளி பூசுங்கள்; தேங்காய் எண்ணெயே போதும்.

மான் இனங்களைத் தாக்கும் நாட்பட்ட மெலிவு நோயைப் பற்றி வேட்டையாடும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 1967-இல் அமெரிக்காவின் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது. கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் மாகாணங்களில் காட்டு மான்களிடம் இருக்கிறது. 2016-இல் நார்வேயின் காட்டுக் கலைமானிடமும் கண்டறியப்பட்டது. பிரியான் எனப்படும் திரிந்த புரதம் இதற்குக் காரணம். கொதிக்க வைத்தாலும் அது அழியாது. மனிதருக்கு இது பரவியதாக உறுதியான சான்று இல்லை என்றாலும், நோயுள்ள விலங்கை உண்ண வேண்டாம் என்றே சுகாதாரத் துறைகள் அறிவுறுத்துகின்றன. ஆகவே ரப்பர் கையுறை அணியுங்கள், மூளையையும் தண்டுவடத்தையும் வெட்டாதீர்கள், நோய் உள்ள பகுதி என்றால் பரிசோதனைக்கு மாதிரி கொடுத்து முடிவு வரும்வரை இறைச்சியைத் தனியே வையுங்கள். அத்தகைய பகுதியில் பயன்படுத்திய துருப்பிடிக்காத எஃகுக் கத்தியை இறைச்சித் துணுக்கு எதுவும் இல்லாமல் தேய்த்துக் கழுவிய பின், இரண்டு பங்கு வீட்டு பிளீச்சுக்கு மூன்று பங்கு நீர் கலந்து ஐந்து நிமிடம் ஊற வைத்து அலசலாம். ஒட்டிய சதைக்குள் பிளீச் ஊடுருவாது. கழுவுவதுதான் முதல் வேலை. கார்பன் எஃகை பிளீச் அரித்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கத்தியைக் காட்டுக்கு வெளியே இடுப்பில் கட்டிக்கொண்டு திரியாதீர்கள். சுவீடனிலும் நார்வேயிலும் பொது இடத்தில் தகுந்த காரணமின்றிக் கத்தி வைத்திருப்பது குற்றம். பிரிட்டனில் மடங்காத கத்திக்கு எந்த நீளத்திலும் நியாயமான காரணம் காட்ட வேண்டும். வேட்டைக்குப் போகும் வழியில் காரணம் இருக்கிறது. திரும்பும் வழியில் கடைக்குள் நுழையும்போது அந்தக் காரணம் இல்லை. வண்டியின் பின்பெட்டியில், உறையோடு, பைக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். விமானப் பயணம் என்றால் சரக்கில் அனுப்பும் பெட்டியில் மட்டும், கூர் மூடி, துணியில் சுற்றி வைக்க வேண்டும்.

பருவம் முடிந்ததும் கத்தியைத் தீட்டி, எண்ணெய் பூசி, உறைக்கு வெளியே உலர்ந்த இடத்தில் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் கிடந்தால் துருப்பிடிக்காத எஃகிலும் புள்ளி விழும்.